இயந்திரம் நிற்காத முன்

காவேரிப்பட்டணத்துப் பெண்ணுக்குச் சீனம் எப்படி வந்தது என்று என்னைப் பார்க்கிற எல்லாரும் கேட்பார்கள். டாக்டருக்குப் படிக்கச் சீனாவுக்குப் போனதில் வந்தது. அங்கே மூன்றரை வருடம் படித்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்த நேரத்தில் நோய் பரவி விமானங்கள் நின்றுபோயின. கொஞ்ச நாள் செல்போனில் பாடம் நடந்தது. செல்போனில் படித்த படிப்பு இங்கே செல்லுமா செல்லாதா என்று மாதத்துக்கு ஒரு பேச்சு கிளம்பியது. கடைசியில் கல்லூரி மறுபடி திறந்தபோது போகிற துணிச்சல் எனக்கு இல்லை. அத்தா, என் அப்பா, போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவருடைய கடைக்கு வருகிறவர்கள் மட்டும் "டாக்டரம்மா எப்ப வந்தாங்க?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்வி காதில் விழாத தூரத்துக்குப் போனால் போதும் என்றுதான் ஓசூருக்கு வேலைக்கு வந்தேன்.

பாகலூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள் கொண்ட அலுவலகம். முதலாளி சிவகங்கைப் பக்கத்துக்காரர். பெங்களூரில் பெரிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு இங்கே தனியாக ஆரம்பித்திருந்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இருவரைத் தவிர அலுவலகத்தில் வேறு யாரும் கிடையாது.

சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்குச் சீன இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றைப் பொருத்தித் தர வேண்டிய பொறியாளர்களுக்கு விசா கிடைக்கவில்லை. இயந்திரம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை, கூடவே செங்கல் கனத்தில் ஒரு கையேடு, முழுக்கச் சீனத்தில். அதை இணையத்தில் போட்டு மொழிபெயர்க்கவும் வழியில்லை. கையேட்டை வெளியே அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தம். அதனால் அண்ணன் ஒரு யோசனை செய்தார். சீன வாக்கியத்தைப் பிரித்து, அதன் கட்டமைப்பைக் கண்டுபிடித்து, தமிழில் கட்டித் தருகிற இலக்கணம் ஒன்றைக் கணினிக்காக எழுதுவது. எந்த வாக்கியத்தைக் காட்டி இது ஏன் இப்படி வந்தது என்று கேட்டாலும், இன்ன விதியால் என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். விதிகளை எழுதுவது என் வேலை. அதைக் கணினிக்குப் புரிய வைப்பது அவர் வேலை.

மனிதர்களுக்கு எழுதுகிற இலக்கணத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் படிக்கிறவர் சரிக்கட்டிக்கொள்வார். கணினி அப்படிச் செய்யாது. சீனத்தில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடுவதில்லை. எங்கே வெட்டுவது என்பதே முதல் தொல்லை. 'பிடி' என்ற எழுத்தும் 'கை' என்ற எழுத்தும் அடுத்தடுத்து வந்தால் அது கைப்பிடி. அதே 'பிடி'தான் வேறோர் இடத்தில் நம் 'ஐ' உருபுபோல நிற்கும்; அப்போது அதே இரண்டு எழுத்தும் 'கையை' என்றாகிவிடும். "கையைப் பாதுகாப்பான இடத்தில் வை" என்பதா, "கைப்பிடியைப் பாதுகாப்பான இடத்தில் வை" என்பதா? பக்கத்தில் இருக்கிற சொற்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த ஓர் இடத்துக்காக நான்கு நாள் உட்கார்ந்தேன். விதி எழுதி முடித்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பஸ்ஸில் போகும்போதுகூடக் கை, கைப்பிடி, கை, கைப்பிடி என்று மனசு புரண்டுகொண்டிருக்கும்.

இது என் பழைய குணம்தான். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். படிக்கிற காலத்தில் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் பெயர் எழுதினோமா என்று திரும்பிப் போய்க் கேட்பேன். அண்ணன் அதற்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார். சரியான மொழிபெயர்ப்போடு ஆயிரக்கணக்கான வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருப்போம். புதிதாக ஒரு விதியைப் போட்டால் அவை எல்லாம் மறுபடி ஓடும். ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் அந்த வரி சிவப்பாகும். எல்லாம் பச்சையாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். பச்சையைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

எங்களோடு சேர்ந்த மூன்று தொழிற்சாலைகளில் முதலாவது பேட்டரிப் பாகங்கள் செய்கிற ஒன்று. அதன் பராமரிப்பு மேலாளர் சேலத்துக்காரர். நாங்கள் அனுப்பிய முதல் தாள்களைப் பார்த்துவிட்டு, இது என்னங்க தமிழ், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறது என்றார். அவர் சொன்னது சரிதான். 'மூடப்படாத நிலையில் இல்லாதபோது' என்றெல்லாம் வந்திருந்தது. சீனத்தில் இருக்கிற ஒவ்வோர் 'இல்லை'யையும் நாங்கள் அப்படியே இறக்கி வைத்திருந்தோம். எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு நாளில் ஒரு விதி எழுதினேன். 'மூடவில்லை' என்றால் 'திறந்திருக்கிறது'. 'நிற்கவில்லை' என்றால் 'ஓடுகிறது'. 'அணைக்கவில்லை' என்றால் 'எரிகிறது'. எதிர்ச்சொல் இருக்கிற வினைகள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பட்டியல். விதியைப் போட்டதும் தாளில் இருந்த தமிழ் பேசுகிற தமிழாக மாறிவிட்டது. ஒரு வரிகூடச் சிவப்பாகவில்லை. "நீ எழுதினதுலயே இதுதாம்மா நல்லா வந்திருக்கு" என்று அண்ணன் சொன்னார். அன்று கதவை ஒரு முறைதான் இழுத்துப் பார்த்தேன்.

அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கிழிக்கும் இயந்திரம் வந்தது. காகிதத்தைவிட மெல்லிய அலுமினியத் தகட்டை நாடா நாடாவாகக் கிழிக்கிற இயந்திரம். கத்திகளுக்கு மேலே இரண்டு ரப்பர் உருளைகள். சுவிட்சை அணைத்தாலும் அந்த உருளைகள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மேலே ஒரு மூடி. மூடியைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. ஆனால் அதைப் பொருத்த வேண்டிய சீனப் பொறியாளர் வந்து சேரவில்லை. உருளையைத் துடைப்பது பற்றிய பக்கத்தைத் தமிழில் தாளாக அடித்து இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும் என்று கேட்டார்கள். இருபது வரி இருக்கும். கணினி தமிழாக்கித் தந்தது. நான் படித்துப் பார்த்துக் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன்.

அன்று காலையில்தான் என் பெயரை மாணவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அதைக் காரணமாகச் சொல்ல நான் விரும்பவில்லை. சீனத்தைப் படித்தேன், புரிந்தது. தமிழைப் படித்தேன், தடங்கல் இல்லாமல் ஓடியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

தாளைக் கொடுக்கப் போனபோதுதான் அந்த இயந்திரத்தில் வேலை பார்க்கிற பெண் பழக்கமானாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பேரிகைப் பக்கம் கிராமம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், தொழிற்சாலையில் கன்னடமும் கலந்து பேசுவாள். மத்திகிரியில் அவள் எடுத்திருந்த வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. வந்து தங்கிக்கொள்ளுங்கள் அக்கா என்றாள். நான் என் பெட்டியோடு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். இருவரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். வானம் மூடிக்கொண்டு வந்தது. அவள் ஊரில் இருக்கும் அம்மாவோடு போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். களத்தில் ராகி காய்கிறது போலிருக்கிறது. "வான ராகமுந்தே எத்தேய்மா" என்று இரண்டு மூன்று முறை சொன்னாள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெலுங்கு கொஞ்சம் காதில் இருக்கும். 'வான' மழை. 'எத்து' எடுத்து வை. 'ராக' என்றால் வராமல். வராமல் முன்னே எடு. சும்மாதான் கேட்டேன், மழை வராமல் இருப்பதற்கு முன்னால் எப்படி எடுப்பது என்று. அவள் சிரித்தாள்.

"மழ வர்றதுக்கு முன்னாடி எடுன்னு அர்த்தம்க்கா."

"'ராக'ன்னா வராமன்னுதானே?"

"ஆமா. அது அப்புடித்தான். தமிழ்லயே எங்கூர்ல 'மழ வராத முன்ன'ன்னுதான் சொல்லுவாங்க. வராத முன்னன்னா வர்றதுக்கு முன்ன."

நானும் சிரித்தேன். தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்த பிறகுதான் அந்தச் சீன வாக்கியம் நினைவுக்கு வந்தது. 'இயந்திரம்', 'இல்லை', 'முழுக்க நில்', 'முன்', 'திறக்காதே', 'மூடி'. இயந்திரம் முழுக்க நிற்காத முன் மூடியைத் திறக்காதே. அதாவது, நிற்பதற்கு முன் திறக்காதே. மழை வராத முன்ன என்பது போலவேதான். அந்த 'இல்லை' சும்மா நிற்கிற 'இல்லை'. இருந்தாலும் அதே பொருள், எடுத்துவிட்டாலும் அதே பொருள்.

ஆனால் என் விதி அதைச் சும்மா விடாது. 'நிற்கவில்லை' என்றால் 'ஓடுகிறது'.

தாளில் என்ன வந்திருந்தது என்று யோசித்தேன். வரி அப்படியே கண்முன் வந்தது. நானே படித்துக் கையெழுத்துப் போட்ட வரி. 'இயந்திரம் ஓடத் தொடங்கும் முன் மூடியைத் திறக்க வேண்டாம்.'

குழாயை மூடினேனா என்று தெரியவில்லை. உள்ளே வந்து அவளிடம், உருளையை எப்படித் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். குரல் சாதாரணமாக வர வேண்டும் என்று முயன்றேன்.

"ஸ்லோவுல ஓட விட்டுட்டு, அப்புறம் கவரத் தொறந்து தொடைப்போம். மொதல்ல ஆஃப் பண்ணிட்டுதான் தொடைச்சிக்கினு இருந்தோம். தாள்ல ஓடுறதுக்கு முன்ன தொறக்கக் கூடாதுன்னு இருந்துச்சா, மாத்திக்கிட்டோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க எழுதினதுதானேக்கா" என்றாள்.

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. என்மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னாள். தப்பு, தாள் தப்பு, தலைகீழாக இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். ஞாயிறு ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, தேநீர் இடைவேளைக்கு முன் உருளையைத் துடைப்பார்கள் என்றாள்.

மேலாளரைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. ராயக்கோட்டையில் ஏதோ கல்யாணத்தில் இருந்தாராம். அது பிறகுதான் தெரிந்தது. தொழிற்சாலை எண்ணில் காவலாளி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை உள்ளே இணைப்புக் கொடுக்க ஆள் இல்லை என்றார். உள்ளே இருப்பவர்களின் செல்போன்கள் எல்லாம் வாசலிலேயே பெட்டியில் வாங்கி வைக்கப்பட்டிருக்கும். அவள் அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்திருந்தாள்.

மத்திகிரியிலிருந்து அந்தத் தொழிற்பேட்டைக்குப் போகிற வழி எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு முடியவே இல்லை. பாலத்தடியில் கர்நாடகா லாரிகள் வரிசையாக நின்றன. தூறல் விழுந்தது. அவள் லாரிகளுக்கு இடையில் புகுந்து புகுந்து ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த நான் உருளையையும் கையையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். உடற்கூறு வகுப்பில் கையின் எலும்புகளைச் சீனத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நிறுத்த முடியவில்லை.

வாசலில் காவலாளி என்னை விடவில்லை. நான் அந்தத் தொழிற்சாலையின் ஆள் இல்லை. ஞாயிறுக்கு அனுமதிச் சீட்டும் இல்லை. அவளிடம் அடையாள அட்டை இருந்தது. அதைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். நான் வெளியே, சுற்றுச்சுவர் ஓரமாக நின்றேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பக்கம் மடிக்கணினியைத் திறக்கிற சத்தம் கேட்டது. 'இல்லை'யும் 'முன்'னும் சேர்ந்து வருகிற வாக்கியங்களை எல்லாம் தேடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "பதினொன்னு இருக்கும்மா. மூணு கம்பெனியிலயும் சேத்து" என்றார். சோதனை வாக்கியங்களில் அந்த அமைப்பு ஒன்றுகூட இல்லையா என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. அவற்றைச் சேர்த்ததும் நான்தான். எனக்குத் தோன்றாத வாக்கியம் சோதனையில் எப்படி இருக்கும்?

விதியைத் திருத்திவிட்டுத் தாளை மாற்றிவிடலாம், பதற வேண்டாம் என்று அவர் சொன்னார். அவர் குரலிலும் பதற்றம் இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா, ஆம்புலன்ஸ் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தேநீர் இடைவேளைக்கு மணி அடித்தது. சிலர் சிரித்துப் பேசிக்கொண்டு கான்டீன் பக்கம் போவது கம்பிக்கதவு வழியே தெரிந்தது. சிரிக்கிறார்கள் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிக்கொண்டேன். பிறகு, இவர்களுக்கு இன்னும் தெரியாமலும் இருக்கலாமே என்று தோன்றியது.

அவள் கையில் தாளோடு வந்தாள். நான்கு மூலையிலும் டேப் ஒட்டியபடியே இருந்தது. இயந்திரத்தை நிறுத்தியாயிற்று, இன்று யாருக்கும் ஒன்றும் இல்லை என்றாள். நான் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் தெளியவில்லை.

"போன வாரம் ஒருத்தருக்கு நகம் பிஞ்சி போச்சுக்கா. வேற ஷிப்ட். எனக்கே இப்பதான் சொன்னாங்க."

அவர் இன்று வந்திருக்கிறாரா என்று கேட்டேன். பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள் என்றாள். அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் எழுந்து உள்ளே போனாள்.

நாற்பது வயது தாண்டிய மனிதர். கல்லாவி சொந்த ஊர். ஓசூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவர். வலது கையின் நடுவிரலில் பெரிய கட்டு. கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கேட்பதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். என் கவனக்குறைவுதான் மேடம், துணியை உருளையில் இறுக்கிப் பிடித்துவிட்டேன், கையுறையோடு இழுத்துக்கொண்டது, கூட இருந்தவர் உடனே நிறுத்தியதால் நகத்தோடு போயிற்று, புது இயந்திரத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்துபோய்விட்டேன் என்றார். தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். இயந்திரக் கையேட்டுக்காரி விசாரிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லாமலேயே திரும்பிப் போய்விட முடியும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தாள் என்னோடு வந்தவள் கையில் இருக்கிறது. விதியை இன்றே திருத்திவிடலாம். அவர் தன் மேல் பழியை ஏற்றுக்கொண்டுவிட்டார். இதை எல்லாம் ஒரு நொடியில் யோசித்தேன் என்பதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

"தப்பு உங்க மேல இல்லீங்க. தாள்ல நான் தப்பா எழுதிட்டேன். மிஷின் நின்ன பிறகுதான் தொறக்கணும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார்.

"நான் பத்து வருசமா மிஷின்ல நிக்கிறேன் மேடம். ஓடுற உருளைகிட்ட கை வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். மனசுக்குப் பிடிக்கவே இல்ல. எழுத்துல இருக்குதே, சீனாக்காரன் தெரியாமலா எழுதியிருப்பான்னுதான் தொறந்தேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இடைவேளை முடியும் மணி அடித்ததும் உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை மேலாளரும் அண்ணனும் நானும் உட்கார்ந்தோம். மேலாளர் கெட்டவர் இல்லை. அவருக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான். சத்தமில்லாமல் புதுத் தாளை ஒட்டிவிடலாம் என்றார். 'மேம்படுத்தப்பட்ட பதிப்பு' என்று மேலே போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்று அண்ணனும் சொன்னார். அவர் இரண்டு வருடமாக இந்த ஒரே வேலையை நம்பி இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கல்லாவிக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம் அலுவலகக் கோப்பில் அப்படியே இருக்கும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் பெயரில் நான் ஒரு கடிதம் தருகிறேன், தாள் தவறு, அதைப் பார்த்துக் கையெழுத்திட்டவள் நான், அவருடைய கடிதத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். வேலை போகும், அத்தாவிடம் போய் நிற்க வேண்டும், கடைக்கு வருகிறவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அண்ணன் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை என் கடிதத்தை வாங்கிப் படித்தார். 'நான்' என்று இருந்த இடங்களில் 'நாங்கள்' என்று திருத்தி, கீழே தானும் கையெழுத்துப் போட்டார். மூன்று தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினோம். பதினொரு வரிகளில் மூன்றுதான் பொருள் தலைகீழானவை. மற்றவை குழப்பமாக இருந்தன, ஆபத்து இல்லை. ஒரு தொழிற்சாலை எங்களோடு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டது. சேலத்துக்காரரின் தொழிற்சாலையில் கல்லாவிக்காரரின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, விபத்தென்று பதிந்து, மருத்துவ விடுப்பும் கொடுத்தார்கள். நகம் வளர்ந்துவிட்டது. கொஞ்சம் கோணலாக வளர்ந்திருக்கிறது. அவர் பேக்கிங்கிலேயே இருந்துவிட்டார். அந்த இயந்திரத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

நான் அழகு என்று நினைத்த விதியை எடுத்துவிட்டேன். எச்சரிக்கை வாக்கியங்களில் தமிழ் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தோம். 'முன்'னுக்கு முந்தி வருகிற 'இல்லை'க்குத் தனியாக ஒரு விதி எழுத மூன்று வாரம் ஆனது. எல்லா இடத்திலும் அது சும்மா நிற்பதில்லை. சில இடத்தில் உண்மையாகவே இல்லை என்று சொல்லும். எது எது என்று பிரிக்க ஒவ்வொரு வாக்கியத்தையும் என்னோடு வீட்டில் இருக்கிற பெண்ணிடம் தெலுங்கில் சொல்லச் சொன்னேன். பாதிக்கு மேல் சொல்லுக்குச் சொல் பொருந்தியது. காய்கறி நறுக்கிக்கொண்டே அவள் சொல்லுவாள், நான் எழுதிக்கொள்வேன். பொருந்தாத இடங்களில் இருவரும் சண்டை போடுவோம். இப்போது ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் அந்த இயந்திரத்தில் நிற்கிற ஒருவர் உரக்கப் படித்து, அதன்படி செய்து காட்ட வேண்டும். மனசுக்குப் பிடிக்காத வரி வந்தால் நிறுத்த வேண்டும். அதை மேலாளரே கொண்டுவந்தார்.

எட்டு மாதம் கழித்து ஒருவழியாகச் சீனப் பொறியாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெல்லிய உடம்பு, எப்போதும் வெந்நீர்க் குடுவையோடு திரிவார். மூடியின் சென்சாரை ஒரே காலையில் பொருத்திவிட்டார். மதியம் நான் அந்தக் கையேட்டைத் திறந்து அந்த வாக்கியத்தைக் காட்டி, இதை உரக்கப் படியுங்கள் என்று சீனத்தில் கேட்டேன். படித்தார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். நின்ற பிறகுதான் திறக்க வேண்டும், இதில் என்ன சந்தேகம் என்றார். இதில் ஓர் 'இல்லை' இருக்கிறதே, அது எதற்கு என்றேன்.

எங்கே என்று கேட்டார். உண்மையாகவே தேடினார். விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வாழ்நாள் முழுக்க இப்படியே சொல்லி வருகிறேன், இதுவரை இதைப் பார்த்ததே இல்லை என்றார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. கூட வந்திருந்தவரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டிச் சிரித்தார்.

நானும் மரியாதைக்குச் சிரித்தேன். மனசு நிம்மதியாகும் என்று நினைத்திருந்தேன், ஆகவில்லை. அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர் கண்ணுக்கே தெரியாத ஒன்று அதில் இருந்ததென்றால், இன்னும் எத்தனை இருக்கும், யாரிடம் போய்க் கேட்பது? மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் முதல் விதியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்கத் தொடங்கினேன். எத்தனை நாள் ஆகும் என்று அண்ணன் கேட்டார். தெரியவில்லை என்றேன். சரி, படி என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியை என் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.